தண்ணீர் வடிந்த பிறகு ஏரியைப் பார்

கிராப்பி மீனுக்குத் தமிழில் பெயர் கிடையாது. அமெரிக்காவிலேயே அதற்கு ஒரே பெயர் இல்லை. லூசியானாவில் பிரெஞ்சு வழியாக வந்த சாக்-அ-லே என்ற பெயர். பால் பை என்று பொருள். ஃபுளோரிடாவில் ஸ்பெக். மிசிசிப்பியில் வயதானவர்கள் சிலர் இன்னும் வைட் பெர்ச் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் தட்டிவிட்டதுபோல் தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், அதில் கரும்புள்ளிகள். ஜிலேபி மீனைப் பார்த்தவர்களுக்கு உருவம் ஓரளவு பிடிபடும். சதை அதைவிட வெள்ளை, அதைவிட மென்மை.

மெம்ஃபிஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்து நாலைந்து பேருக்குத் தூண்டில் பழக்கம் உண்டு. பிப்ரவரி பிறந்தால் அவர்களில் யாராவது கேட்பார்கள்: "இந்த வருஷம் கிராப்பிக்கு எந்த ஏரிங்க நல்லா இருக்கும்?" இரை விற்கும் கடையில் கேட்டால் ஒரு பெயர் சொல்லி அனுப்புவார்கள். நான் சொல்லும் பதில் கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏரியில் தண்ணீர் இல்லாதபோது ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பேன்.

இதற்குக் காரணம் மீனின் குணம். கிராப்பி வெட்டவெளியில் சும்மா சுற்றுவது குறைவு. எதையாவது ஒட்டிக் கூட்டமாக நிற்கும். மூழ்கிய மரத்தின் கிளை, பழைய ஓடையின் விளிம்பு, பாலத்தின் கால், யாரோ சேற்றில் நட்டுவிட்டுப் போன கழிகள். அந்த இடம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் பத்து மீன். தெரியாதவர் அதே ஏரியில் முப்பது அடி தள்ளி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் தக்கை அசையாது. ஆகவே 'நல்ல ஏரி எது' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். அந்த ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி.

கிராப்பியில் இரண்டு வகை உண்டு. வெள்ளைக் கிராப்பிக்கு உடம்பில் செங்குத்தான பட்டைகள். முதுகுத் துடுப்பில் ஐந்தோ ஆறோ முட்கள். கறுப்புக் கிராப்பிக்குப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும்; முட்கள் ஏழு அல்லது எட்டு. கையில் பிடித்து எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கலங்கிய தண்ணீரை வெள்ளை தாங்கிக்கொள்ளும். கறுப்புக்குத் தெளிந்த தண்ணீர், நீர்ச்செடி உள்ள இடம் பிடிக்கும். இரண்டுக்கும் கண் மேல்நோக்கியே இருக்கும். இரை தனக்கு மேலே தொங்கினால் ஏறி வந்து எடுக்கும். கீழே கிடப்பதைச் சட்டை செய்யாது. வாயின் ஓரம் காகிதம்போல் மெலிது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். அதனால் நீளமான கழியைக் கையில் வைத்துக்கொண்டு, மீன் தொட்டதும் மெதுவாகத் தூக்க வேண்டும்.

மெம்ஃபிஸிலிருந்து 55ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் மிசிசிப்பி மாநிலத்தில் நான்கு பெரிய ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆர்க்கபட்லா, சார்டிஸ், எனிட், கிரெனடா. கிராப்பி பிடிப்பவர்கள் அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்து இங்கே படகை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். உலகத்திலேயே பெரிய வெள்ளைக் கிராப்பி என்று பதிவான மீன் எனிட் ஏரியில் 1957இல் கிடைத்தது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். அதை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. கிரெனடாவில் மூன்று பவுண்டு மீன் கிடைத்தால் படம் எடுத்துக்கொள்வார்கள். பத்திரிகைக்குச் செய்தி கொடுக்க மாட்டார்கள்.

நான்கும் இயற்கையான ஏரிகள் அல்ல. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு டெல்டா முழுவதும் பரவியது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு 1928இலும் 1936இலும் வந்த சட்டங்களின்படி ராணுவப் பொறியாளர் படை இங்கே மண் அணைகளைக் கட்டியது. கோல்டுவாட்டர், லிட்டில் டல்லஹாச்சி, யொக்கோனா, யாலபுஷா என்ற நான்கு ஆறுகளை மலையடியிலேயே நிறுத்திவைத்தால் கீழே டெல்டாவின் பருத்திக் காடுகள் தப்பும் என்பது கணக்கு. சார்டிஸ் 1940இல் முடிந்தது, ஆர்க்கபட்லா 1943இல், எனிட் 1952இல், கிரெனடா 1954இல். யாருடைய நிலத்தைக் காப்பாற்ற யாருடைய நிலம் மூழ்கியது என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். கீழே இருந்த பெரிய பண்ணைகள் பிழைத்தன. மேலே, மேட்டில் இருந்த சிறு பண்ணைகள் தண்ணீருக்குள் போயின.

வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் கட்டியவை என்பதால் இந்த ஏரிகளை எப்போதும் நிரப்பி வைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து வடிப்பார்கள். வசந்தத்தில் வரும் மழைக்கு வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும். கிரெனடாவில் கோடை மட்டம் கடல்மட்டத்திலிருந்து 215 அடி. குளிர்கால மட்டம் 193 அடி. இருபத்திரண்டு அடி வித்தியாசம். மே மாதம் படகு போன இடத்தில் ஜனவரியில் செருப்போடு நடக்கலாம்.

நான் ஏரி தேடுவது அந்த ஜனவரியில்தான். நாலு நாள் மழையில்லாமல் காய்ந்த பிறகு போக வேண்டும். நடுவில் இறங்கக் கூடாது. சேறு முழங்கால் வரை இழுத்துவிடும். ஓரமாக நடந்தாலே போதும். பழைய ஓடை எப்படி வளைந்து போகிறது, வளைவின் எந்தப் பக்கம் கரை செங்குத்தாக இருக்கிறது, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் எங்கே கூட்டமாக நிற்கின்றன, வண்டிப்பாதை எங்கே ஓடையைக் கடக்கிறது, இதையெல்லாம் கைபேசியில் குறித்துக்கொள்வேன். அடிக்கட்டையில் போன வருடத்துத் தூண்டில் நரம்பு சிக்கிக் கிடந்தால் அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே கட்டையில் பத்து நரம்பு சிக்கியிருந்தால் அங்கே மீன் இருந்திருக்கிறது. எதையும் எடுத்துவரக் கூடாது. அரசு நிலத்தில் கிடக்கும் அம்புமுனை, பழைய பாட்டில், செங்கல் எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

மார்ச், ஏப்ரலில் தண்ணீர் ஏறி, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிச் சூடேறும்போது கிராப்பி முட்டையிடக் கரைக்கு வரும். ஆண் மீன் அந்த நாட்களில் கறுத்துப்போய்க் கூட்டைக் காவல் காக்கும். ஜனவரியில் நான் நடந்த இடத்தில் அப்போது நாலைந்து அடி தண்ணீர் நிற்கும். குறித்து வைத்த கட்டைக்கு மேலே கழியை நீட்டினால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே கிராப்பி 12 அங்குலம் வளர ஏறக்குறைய மூன்று வருடம் ஆகிறது. இந்த நான்கு ஏரிகளிலும் 12 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் உயர்ந்து புல்லும் புதரும் மூழ்கிக் கிடந்த வருடங்களில் பொதுவாகக் குஞ்சுகள் நிறையப் பிழைக்கின்றன. ஒளிய இடமும் தின்ன இரையும் கிடைக்கிறது. எனவே இந்த வருடம் எந்த ஏரி நன்றாக இருக்கும் என்று கேட்டால், மூன்று வருடத்துக்கு முன் எந்த ஏரி தளும்பியது என்று திருப்பிக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் தென்னை காய்ப்பைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். இன்றைய காய் இன்றைய மழையால் வந்ததல்ல.

எல்லா ஏரியும் மனிதன் கட்டியது அல்ல. மெம்ஃபிஸுக்கு வடக்கே, டென்னசியின் மூலையில் ரீல்ஃபுட் என்ற ஏரி இருக்கிறது. 1811-12 குளிர்காலத்தில் வந்த பெரிய நிலநடுக்கங்களில் பூமி அமுங்கி, காடு அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. இருநூறு வருடம் கழித்தும் சைப்ரஸ் மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. ஆழம் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள்தான். கிராப்பிக்கு இதைவிட வசதியான வீடு அமையாது. அந்த ஏரியையும் சுற்றியுள்ள கரையையும் ஒரு கம்பெனி வாங்கி, காலங்காலமாக மீன் பிடித்தவர்களைத் தடுக்கப் பார்த்தபோது, 1908இல் முகமூடி போட்ட கும்பல் இரவில் கிளம்பியது. கம்பெனியின் வழக்கறிஞர் ஒருவரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். பிறகு மாநில அரசே ஏரியை எடுத்துப் பொதுவாக்கியது. இன்று படகு இழுத்துப்போய் அமைதியாகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு, அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு கொலை இருப்பது தெரியாமலும் இருக்கலாம்.

ஏரியின் அடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு மிசிசிப்பியில் வந்ததல்ல. நான் மேட்டூர் பக்கம். கொளத்தூருக்கு அருகே, அணைத் தண்ணீர் பின்வாங்கினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பண்ணவாடியில் முதலில் கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரியும். பிறகு நந்தியின் தலை. தண்ணீர் மேலும் இறங்கினால் மதிற்சுவர்கள், படிக்கட்டுகள். 1934இல் அணையைத் திறந்தபோது காவிரிக்கரையில் இருந்த ஊர்கள் உள்ளே போயின. அதில் என் பாட்டியின் ஊரும் ஒன்று. அவருக்கு அப்போது எட்டு வயது.

பரிசலில் வலை போடுபவர்கள் அந்த ஊர்களை வேறு விதமாக அறிவார்கள். என் மாமா ஒருவர் செவுள்வலை போடுவார். 'கோயில் மேடு', 'செட்டியார் கெணறு', 'புளியமரத்துப் பள்ளம்' என்று தண்ணீரின் மேல் இடங்களுக்குப் பெயர் சொல்வார். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர்தான். அந்தப் பெயர்கள் எல்லாம் வலை மாட்டிக் கிழியும் இடங்கள். அவருக்கு அவை தவிர்க்க வேண்டியவை. கிராப்பிக்காரனுக்கு அவைதான் தேடிப் போக வேண்டியவை. தொழில் மாறினால் அதே சுவர் சத்துருவாகவும் ஆகும், சொத்தாகவும் ஆகும்.

மாமா கட்லாவும் கெளுத்தியும் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவோம். பாட்டி மட்டும் தொட மாட்டார். மீனே வேண்டாம் என்பவர் அல்ல. அணைக்குக் கீழே ஆற்றில் பிடித்தது என்றால் தலையைக் கேட்டு வாங்கிச் சப்பிச் சாப்பிடுவார். அணைக்கு மேலே பிடித்தது என்றால் ரசம் ஊற்றிக்கொள்வார். ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ஊட்டு அடுப்படியில மேஞ்ச மீனு, சாமி. அத எப்புடித் திங்கறது?" என்றார்.

மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காடு பட்டாவில் இருந்ததாம். அதற்குப் பணம் கொடுத்தார்களாம். அந்தப் பணம் புது ஊரில் கிணறு வெட்டியதில் போனதாம். கிணற்றில் தண்ணீர் வரவில்லை. இது அம்மா பிற்பாடு சொன்ன கதை. பாட்டி சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான்.

ஆர்க்கபட்லா அணையின் மதகுக்குக் கீழே, தண்ணீர் சீறி வெளியேறும் வாய்க்காலின் இரு கரையிலும் படகில்லாதவர்கள் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், வயதானவர்கள். நானும் அங்கே ஒரு வாளியோடு பல சனிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வாளியில் வழக்கமாக ஒரு பெரியவர் இருப்பார். எண்பதை நெருங்கும் வயது. மெம்ஃபிஸில் ஒரு கிடங்கில் முப்பது வருடம் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். அவரிடம் நான் முதலில் கேட்டது மீன் தலைகளைத்தான். இங்கே கிராப்பியைச் சுத்தம் செய்பவர்கள் இரண்டு பக்கத்துச் சதையை மட்டும் சீவிக்கொண்டு தலையையும் முள்ளையும் எறிந்துவிடுவார்கள். அதைக் குழம்பு வைப்போம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க பாட்டியும் தலையைப் போட மாட்டா" என்றார். அன்றிலிருந்து எனக்காக ஒரு பையில் தலைகளைச் சேர்த்து வைப்பார்.

அவர் கோல்டுவாட்டர்க்காரர். அந்த ஊரே இடம்பெயர்ந்த ஊர். ஆர்க்கபட்லா அணைக்காக 1942இல் வீடுகளையும் கடைகளையும் தெற்கே மேட்டுக்கு நகர்த்தினார்கள். சிலவற்றைப் பிரித்து எடுத்துப்போய்த் திரும்பக் கட்டினார்கள். அவருடைய தாத்தா ஊருக்குள் இருந்தவர் இல்லை. ஆற்றோரம் ஒரு வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். நிலத்துக்கான பணம் நிலத்துக்காரருக்குப் போனது. உழுதவருக்கு, காலி செய்ய வேண்டிய தேதி மட்டும் வந்தது. நிலமும் வீடும் கோவேறு கழுதையும் எதுவும் தாத்தா பெயரில் இல்லை. எடுத்துக்கொண்டு போகக் கட்டிலும் பானைகளும்தான் இருந்தன என்று பெரியவர் தன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார்.

2023 மே மாதம் ஆர்க்கபட்லா அணையில் கசிவு மோசமாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அணை உடையக்கூடும் என்று கீழே இருப்பவர்களை எச்சரித்துவிட்டு, ஏரியை அவசரமாக வடித்தார்கள். மண் கரையின் அடியில் ஊற்று கிளம்பினால் என்ன ஆகும் என்று ஏரிக்கரை ஊர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோடையில், தண்ணீர் நிறைந்திருக்க வேண்டிய மாதங்களில், ஆர்க்கபட்லா குளிர்கால மட்டத்துக்கும் கீழே கிடந்தது. படகு இறக்கும் சரிவுகள் காய்ந்த தரையில் போய் முடிந்தன. கிராப்பிக்காரர்கள் சார்டிஸுக்கும் கிரெனடாவுக்கும் போய்விட்டார்கள்.

பெரியவர் மட்டும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன் கால் நல்லா இருக்கு. என்னோட கொஞ்சம் நடக்க வரியா?"

அக்டோபரில் போனோம். சேறு இறுகி, அதன்மேல் புல் முளைத்திருந்தது. அவர் ஒரு கையில் தூண்டில் கழியை ஊன்றிக்கொண்டார், மறு கையை என் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு மேட்டில் ஐந்து அடிக்கட்டைகள் வரிசையாக இருந்தன. சிடார் மரம் என்றார். காட்டு மரம் வரிசையாக நிற்காது. யாரோ முற்றத்தில் நட்டால்தான் நிற்கும். "எங்க அப்பா இந்த அஞ்சைச் சொல்லியிருக்கார். இது அதுதானான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தப் பக்கத்துல வேற அஞ்சு இல்ல." கொஞ்ச நேரம் நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை, அழவில்லை. கட்டையைக் கழியால் தட்டிப் பார்த்தார். உள்ளே கெட்டியாக இருந்தது.

நான் பாட்டி சொன்னதைச் சொன்னேன். பிறகு கேட்டேன், "இங்க பிடிச்ச மீனைச் சாப்பிடுறது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் சொன்னார். "உன் பாட்டிக்கு அது சொந்த வீடு. எங்களுக்கு இங்க சொந்தம்னு ஒண்ணும் இருந்ததில்ல. பருத்தி எடை போடும்போது தராசு அவங்க கையில. எழுதுற நோட்டும் அவங்க கையில. வருஷக் கடைசியில எப்பவும் எங்க பக்கம்தான் கடன் நிக்கும். இந்த இடத்துல எங்க பேர் போட்டு முதல்ல குடுத்த காகிதம் மீன்பிடி லைசென்ஸ். இங்க பிடிக்கிற மீனை நான்தான் எண்ணுறேன், நான்தான் எடை போடுறேன்." சிறிது தூரம் நடந்துவிட்டு, "இப்ப வயசாச்சுன்னு அந்தக் காகிதமும் வேண்டாம்னுட்டாங்க" என்று சிரித்தார். மிசிசிப்பியில் அறுபத்தைந்து தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

அதுவரை பாட்டியின் மறுப்பைத் துக்கம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பட்டா இருந்தது. இழந்தது என்னுடையது என்று சொல்லத் தெரிந்தவர் செய்கிற மறுப்பு அது. பெரியவரின் குடும்பத்துக்கு அப்படிச் சொல்லும் வாய்ப்பைக்கூட யாரும் கொடுக்கவில்லை. அதனால் அவர் வேறு வழியில் அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டார், ஒவ்வொரு மீனாக. ஒருவர் சாப்பிடாமல் இருந்து வைத்துக்கொண்டதை இன்னொருவர் சாப்பிட்டு மீட்டுக்கொண்டார். எனக்கு இந்த மண்ணில் பட்டாவும் இல்லை, மூழ்கிய வீடும் இல்லை. வெளிமாநிலத்தவர் கட்டும் கூடுதல் கட்டணத்தைக் கட்டி, வருடத்துக்கு ஒரு லைசென்ஸ் வாங்குகிறேன். இந்த ஏரிக்கு நான் திருப்பிக் கொடுக்கக்கூடியது, அடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு தூண்டில் போடுவது மட்டும்தான்.

இப்போது படகில் ஒரு திரையை மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீருக்குள் முன்னால் இருக்கும் மீன் ஒவ்வொன்றும் அது அசைய அசையத் தெரிகிறது. மூழ்கிய மரமும் தெரிகிறது, கிளையைக்கூட எண்ணலாம். இந்தக் கருவி வந்த பிறகு கிராப்பி பிடிப்பதே மாறிவிட்டது, இது நியாயமா என்று கரையில் விவாதம் ஓயவில்லை. என் நண்பர் ஒருவரின் படகில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். நல்ல கருவிதான். ஐந்து கட்டை வரிசையாக இருந்தால் ஐந்து கட்டை என்று காட்டும். முற்றம் என்று காட்டாது.

ஆகவே பிப்ரவரியில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெள்ளைக் கிராப்பியை எதிர்பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் வசந்தத்தில் எங்கே தண்ணீர் உயர்ந்தது என்று விசாரியுங்கள். படகில்லை என்றால் மதகுக்குக் கீழே போங்கள். வாளி கொண்டுபோங்கள், பக்கத்தில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லுங்கள், அவர் எங்கே பிறந்தார் என்று கேளுங்கள். படகிருந்தால், அதை இறக்குவதற்கு முன் ஜனவரியில் ஒருநாள் காலால் நடந்து பாருங்கள். ஊரைக் கேட்காமல் ஏரியைக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

போன ஜனவரியில் கிரெனடாவின் காய்ந்த ஓரத்தில் என் மகளோடு நடந்தேன். அவளுக்குப் பதினோரு வயது. ஓடை திரும்பும் இடத்தில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, சதுரமாக நாலு வரிசைச் செங்கல் இருந்தது. நடுவில் கரி படிந்திருந்தது. புகைபோக்கியின் அடி. "இங்க யாருப்பா இருந்தாங்க?" என்றாள். பெயர் தெரியாது, சமைத்தார்கள் என்பது தெரிகிறது என்றேன். ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டாள். கைபேசியில் அந்த இடத்தைக் குறிக்கப் போனபோது, அது ஒரு பெயர் கேட்டது. மாமாவின் கோயில் மேடும் செட்டியார் கெணறும் ஞாபகம் வந்தன. 'அடுப்படி' என்று எழுதினேன்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் அதன்மேல் ஐந்தடித் தண்ணீர் நின்றது. நண்பரின் படகை அணைத்துவிட்டு, திரையையும் அணைக்கச் சொன்னேன். பத்தடிக் கழியில் சிறிய ஜிக்கை மூன்றடி ஆழத்தில் தொங்கவிட்டாள் மகள். தக்கை அமுங்கியது. "மெதுவா தூக்கு, வாய் காகிதம்" என்றேன், மெதுவாகத்தான் தூக்கினாள். பதின்மூன்று அங்குலம். கறுத்துப்போன ஆண். கூட்டைக் காத்துக்கொண்டிருந்ததை அளந்து பார்த்துவிட்டுத் திரும்ப விட்டாள். சட்டப்படி வைத்துக்கொண்டிருக்கலாம், அவள் விட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வேறு கட்டைகளின் மேல் கிடைத்த ஏழு மீன்களின் தலையும் முள்ளும் மறுநாள் புளிக்குழம்பாயின. ஒரு பாத்திரம் கோல்டுவாட்டருக்குப் போனது. பெரியவர் தொலைபேசியில், காரம் அதிகம், ஆனால் பாத்திரம் காலி என்றார்.